பால்வெள்ளைக் கிண்ணம்

இந்தக் கதையில் தலை நரைத்தவர் சீடர். குருவுக்கு இன்னும் நாற்பதுகூட ஆகவில்லை. சீடர் பெயர் பூவராகன். குருவின் பெயர் அஞ்சலாட்சி.

பூவராகன் விழுப்புரம் ஜங்ஷனில் சக்கரம் தட்டியவர். ரயில் வந்து நின்றதும் நீளக் காம்பு போட்ட சுத்தியலோடு பெட்டி பெட்டியாக நடப்பார். ஒவ்வொரு சக்கரத்தையும் ஒரு தட்டு தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். நல்ல சக்கரம் கணீர் என்று சொல்லும். விரிசல் விட்டது 'டொக்' என்னும். டொக் என்று கேட்டால் சாக்பீஸால் அதன்மேல் ஒரு பெருக்கல் குறி. அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டுத்தான் வண்டி கிளம்பும். சர்வீஸ் முழுக்க ஒரு விரிசல்கூடத் தன் காதுக்குத் தப்பியதில்லை என்று சொல்லுவார். கேட்காதவர்களிடமும் சொல்லுவார்.

அப்பேர்ப்பட்ட காது வீட்டுக்கு வந்ததும் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றி வைக்கப்பட்டது. வீட்டில் அது கேட்டதெல்லாம் மனைவி அம்புஜவல்லியின் மெட்டிச் சத்தம் ஒன்றைத்தான். கூடத்தில் உட்கார்ந்து "தண்ணி" என்பார். மெட்டி வரும், தண்ணீர் வரும். "சாப்பிடலாமா?" என்பார். மெட்டி வரும், சோறு வரும். தலையை நிமிர்த்திப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் முப்பது வருடத்துக்குமேல் ஓடிவிட்டது.

போன ஆடியில் அம்புஜம் காய்ச்சல் என்று படுத்தாள். எழுந்திருக்கவில்லை. மெட்டியோடுதான் அனுப்பி வைத்தார்கள்.

அஸ்தியைக் கரைக்க மரக்காணம் கடற்கரைக்குப் போனார்கள். கலயத்தை அலையில் கவிழ்க்கச் சொன்னார்கள். பூவராகன் கவிழ்த்தார். ஆனால் அதிலிருந்து ஒரு பிடி முன்னாலேயே வேறு இடத்துக்குப் போயிருந்தது. அவர் வேலைக்குப் போன காலமெல்லாம் அம்புஜம் தயிர்சாதம் கட்டிக் கொடுத்த எவர்சில்வர் டப்பாவில் அது இருந்தது. மகள் கோதைக்குக்கூடத் தெரியாது. ஏன் எடுத்தாய் என்று யாராவது மடக்கியிருந்தால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

திரும்பும் வழியில் ஒரு முந்திரித் தோப்பு ஓரம் வேன் பஞ்சர் ஆகி நின்றது. தண்ணீர் கேட்கலாம் என்று பூவராகன் தோப்புக்குள் நடந்தார். ஓலை வேய்ந்த நீளக் கொட்டகை ஒன்று தெரிந்தது. அதன் வாசலில் அவர் கால் நின்றுவிட்டது.

ணிங்.

கொஞ்சம் இடைவெளி. மறுபடியும், ணிங்.

"உள்ள யாரு? மெட்டி போட்டுக்கிட்டு யாரு நடக்கறது?"

கை முழுக்கக் களிமண்ணோடு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். அதுதான் அஞ்சலாட்சி.

"யாரும் நடக்கலீங்களே. கிண்ணங்க ஆறுது."

பலகைமேல் வரிசையாகக் கிண்ணங்கள் இருந்தன. அவை மத்தியானம் சுட்டு எடுத்தவை. ஒன்று ணிங் என்றது. தள்ளி இன்னொன்று பதில் சொன்னது.

"ஏன் இப்படிச் சத்தம் போடுது?"

"மேல இருக்கற கண்ணாடிப் பூச்சு சுருங்குது. கீழ இருக்கற மண்ணு அந்த அளவுக்குச் சுருங்கல. ரெண்டும் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கணும், ஆனா ஒத்துப்போகல. அதான் விரிசல் விடுது."

"எவ்வளவு நாளைக்கு?"

"சிலது ஒரு வாரம். சிலது மாசக்கணக்காப் பேசும்."

வேன்காரன் ஹாரன் அடித்தான். பூவராகன் நகரவில்லை.

"எனக்குக் கத்துக் குடுப்பீங்களா?"

"எதைங்க? செய்யவா, கேக்கவா?"

அஞ்சலாட்சி அவர் கையில் அணைத்துப் பிடித்திருந்த டப்பாவைப் பார்த்தாள்.

"நாளைக்கு வாங்க" என்றாள்.

அடுத்த நாளிலிருந்து அவர் அவளை வாத்தியாரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்.

அஞ்சலாட்சி குயவர் வீட்டுப் பெண். அந்தத் தோப்பில் வெகுகாலம் இருந்த கியோகோ என்கிற ஜப்பான்காரம்மாவிடம் இந்த வேலையைப் பழகினவள். இதற்கு ராக்கு என்று பெயர். மற்ற சூளையில் பானை உள்ளேயே ஆறி, நிதானமாக வெளியே வரும். இதில் அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. கிண்ணம் நெருப்புத் துண்டாகச் சிவந்திருக்கும்போதே நீண்ட இடுக்கியால் பிடித்து வெளியே எடுக்க வேண்டும். முந்திரிச் சருகு நிரப்பிய தகர டின்னுக்குள் இறக்க வேண்டும். சருகு குப்பென்று பற்றும். உடனே மூடியைப் போட்டு அமுக்கினால் உள்ளே தீக்கு மூச்சு முட்டும். அந்தப் புகை பூச்சின் விரிசல்களுக்குள் புகுந்து கருப்பு ரேகைகளாகத் தங்கிவிடும்.

கொட்டகையில் இரண்டு வழக்கங்கள் உண்டு. பூச்சில் கலக்கும் சாம்பலை அவரவரே கொண்டு வர வேண்டும். முந்திரிக் கட்டையோ, தென்னை மட்டையோ, உமியோ, எது அவரவர் அடுப்பில் எரிந்ததோ அது. இன்னொன்று, டின்னுக்கு மூடி போட்டபின் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது.

"கூப்பிட்டா என்னம்மா?" என்று பூவராகன் கேட்டார்.

"யாரு திரும்பிப் பாப்பாங்கன்னு தெரியாதுங்க. கியோகோ அம்மா அப்படித்தான் சொல்லுவாங்க."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

புரட்டாசியில் அவருடைய முதல் கிண்ணம் சூளைக்குப் போனது. ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட கிண்ணம்தான், ஆனாலும் அவர் கையால் செய்தது. பூச்சுக்கு அவர் சலித்து வைத்திருந்த சாம்பலைப் பார்த்து அஞ்சலாட்சி கேட்டாள்.

"என்ன சாம்பல்?"

"முந்திரிக் கட்டைம்மா."

"சரிங்க."

கிண்ணம் சிவந்து வெளியே வந்தது, டின்னுக்குள் இறங்கியது, மூடி விழுந்தது. கொட்டகையில் வேலை பழக வந்திருந்த எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். மூடியின் ஓரம் வழியாக மஞ்சள் புகை கசிந்து பூவராகன் காலடிக்கு வந்தது. அவர் குனிந்தார். இருமுவதுபோலத் துண்டை வாயில் வைத்துக்கொண்டு, யாருக்கும் கேட்காமல் "அம்புஜம்" என்றார்.

கொட்டகையின் கோடியில் படுத்திருந்த நாய் எழுந்து நின்றது. அவரைப் பார்க்கவில்லை. அவருக்கு ஒரு முழம் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தது. பிறகு மெதுவாக வெளியே போய்விட்டது.

கிண்ணத்தைத் தண்ணீரில் கழுவி எடுத்தபோது, அது பால்வெள்ளையாக இருந்தது. மேலே மெல்லிய கருப்பு ரேகைகள். அஞ்சலாட்சி அதைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் பலகையில் மற்ற கிண்ணங்களுக்கு நடுவே வைத்தாள். அதுவரை ணிங் ணிங் என்று பேசிக்கொண்டிருந்த மற்றவை எல்லாம் வாயை மூடிக்கொண்டன.

பிறகு பால்வெள்ளைக் கிண்ணம் மட்டும், ணிங்.

பூவராகன் பலகையருகே போய்க் காதைக் கொடுத்தார். அது எந்த மெட்டி என்று அவருக்குத் தெரியும். சத்தத்துக்கென்றே சம்பளம் வாங்கிய காது அது.

கிண்ணத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் அடுக்களையில், அடுப்புக்கு மேலே இருந்த அலமாரித் தட்டில் வைத்தார். சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து, கொஞ்சம் வெட்கத்தோடு, "தண்ணி" என்றார்.

ணிங்.

எழுந்துபோய்த் தானே எடுத்துக் குடித்தார். கண்ணில் நீர் கொட்டியது. அது துக்கம் இல்லை, சந்தோஷம்தான். அன்றிலிருந்து அந்த வீட்டில் மறுபடியும் பேச்சு இருந்தது. "விளக்கு வச்சுட்டியா?" ணிங். "மழை வரும்போல இருக்கு, இல்ல?" ணிங். "சாப்பிடலாமா?" ணிங். தட்டைத் தானே போட்டுக்கொண்டு சாப்பிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அதைப் பற்றி அவருக்கு என்ன?

ஆனால் சத்தம் தேய்ந்துகொண்டே வந்தது. கார்த்திகைக்குள் சாயங்காலத்துக்கு ஒரு தடவை என்று ஆகிவிட்டது. பூவராகன் கிண்ணத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினார்.

"ரேகை சரியா விழலை வாத்தியாரம்மா. இன்னொரு தரம் சுடலாமா?"

அவள் சுட்டுக் கொடுத்தாள். பழைய ரேகைகள் எரிந்துபோய்ப் புதிய ரேகைகள் விழுந்தன. சத்தம் திரும்பி வந்தது. மாசியில் மறுபடி தேய்ந்தது. இந்தத் தடவை அவர் வேறு ஏதோ சாக்குச் சொன்னார். அவள் அதையும் கேட்டுக்கொண்டு சுட்டுக் கொடுத்தாள்.

ஆனி மாதக் கடைசியில் கோதை பெரம்பூரிலிருந்து வந்தாள். அடுத்து ஆடி, அம்மாவின் முதல் திதி. அதைப் பற்றிப் பேச வந்தவள் அடுக்களையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். பூவராகன் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பழக்கதோஷம், வாயில் வந்துவிட்டது.

"தண்ணி."

ணிங்.

கோதை கையிலிருந்த பாத்திரம் தரையில் விழுந்தது.

"அப்பா" என்றாள். "இது அம்மா மெட்டி."

அவர் ஓடி வந்தார். மறைக்க முடியாது என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். டப்பா, ஒரு பிடி, பூச்சு எல்லாம். மகள் கத்தப்போகிறாள் என்று காத்திருந்தார். அவள் கத்தவில்லை. அடுப்புக்கு மேலே இருந்த கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"செத்தும் அம்மா அடுப்படியிலதான் நிக்கணுமாப்பா?"

அவர் குனிந்து, விழுந்த பாத்திரத்தை எடுத்தார்.

"திதி அன்னிக்கு இதையும் கடல்ல விட்டுடுவோம். அவளை விட்டுடுப்பா."

"விட்டுட்டா அப்புறம் எனக்கு யாரும்மா இருக்காங்க?" என்றார் பூவராகன். அதுதான் உண்மை. அதற்குமேல் சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை.

கோதை மறுநாள் ஊருக்குப் போனாள். அன்று சாயங்காலம் அவர் எத்தனையோ கேட்டார். கிண்ணம் ஒரே ஒரு தடவை, எங்கோ தெருக்கோடியில் கேட்பதுபோல, ணிங் என்றது. அடுத்த நாள் அதுவும் இல்லை. வீடு அடைத்துக்கொண்ட காது மாதிரி ஆகிவிட்டது. அவர் விடிந்ததும் விடியாததுமாகக் கிண்ணத்தைத் துண்டில் சுற்றினார். இதையும் இழந்தால் அவளை இரண்டாவது தடவை இழந்ததாகும். முதல் தடவையையே அவரால் இன்னும் தாங்க முடியவில்லை.

பஸ்ஸில் மடியில் வைத்திருந்த கிண்ணத்தை விரலால் மெல்லத் தட்டிப் பார்த்தார். தட்டியிருக்க வேண்டாம்.

டொக்.

பூவராகன் துண்டை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டார்.

அஞ்சலாட்சி கொட்டகை வாசலில் நின்றிருந்தாள்.

"வாத்தியாரம்மா, ஒண்ணு கேக்கணும். தீயில போனவங்க திரும்பி வருவாங்களா?"

அவர் உள்ளே வர விலகி நின்றாள். அவர் உள்ளே வந்துவிட்டார். அவள் அப்படியே விலகி நின்றுகொண்டிருந்தாள். இன்னும் ஒருத்தர் உள்ளே வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றாள். பிறகுதான் படலைச் சாத்தினாள்.

நாய் எழுந்து இடம் விட்டுப் போய்ப் படுத்தது.

"உக்காருங்க" என்றாள். அவரைப் பார்த்துத்தான் சொன்னாளா என்று அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

"இன்னும் ஒரு தரம் சுடணும்மா."

"சுடலாம்."

இரும்பு டிரம்மை வெட்டிச் செய்த சூளையில் காஸைத் திருகிப் பற்ற வைத்தாள். நீலத் தீ ஊதிக்கொண்டு கிளம்பியது. அந்த இரைச்சலில் கொட்டகை ஓலையெல்லாம் அதிர்ந்தது. கிண்ணத்தை வாங்கி, சூடு ஏறட்டும் என்று சூளைக்குப் பக்கத்தில் ஒரு செங்கல்மேல் வைத்தாள்.

பிறகு டீ போட்டாள். டம்ளர்களைக் கொண்டுவந்து வைத்தாள். அவருக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. காலியாக இருந்த முக்காலிக்கு முன்னால் இன்னொன்று.

"அது யாருக்கும்மா?"

"வந்திருக்கறவங்களுக்கு."

பூவராகன் முக்காலியைப் பார்த்தார். பயத்தோடு சேர்ந்து ஒரு மகிழ்ச்சியும் வந்தது. வாத்தியாரம்மாவுக்கும் தெரிகிறது!

"உங்களுக்குத் தெரியுமா?"

"முந்திரிச் சாம்பல் பாசி நெறத்துல வரும். எலும்புச் சாம்பல்தான் இப்படிப் பால் கட்டும்."

"அப்பவே ஏம்மா சொல்லல?"

"நீங்க முந்திரின்னு சொன்னீங்க. அவங்களும் ஒண்ணும் சொல்லல."

அவள் சர்க்கரை டின்னைத் திறந்தாள். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அவங்களுக்கு எவ்வளவு போடட்டும்?"

பூவராகன் வாயைத் திறந்தார்.

அம்புஜம் சர்க்கரை எவ்வளவு போட்டுக்கொள்வாள்? காலையில் மெட்டி வரும், டம்ளர் வரும். அவர் குடிப்பார். காலி டம்ளரைக் கீழே வைப்பார். மெட்டி வரும், டம்ளர் போகும். அதற்கப்புறம்? அடுக்களையில் அவள் உட்கார்ந்து குடித்தாளா, நின்றுகொண்டு குடித்தாளா? குடித்தாளா?

"அவளே... அவளே போட்டுக்குவா" என்றார்.

"அதிகமாப் போட்டுக்குவாங்களா, கம்மியாவா?"

"காப்பிதான் குடிப்பான்னு நினைக்கறேன்" என்றார். அவர் குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

அஞ்சலாட்சி திறந்த டின்னை அந்த மூன்றாவது டம்ளர் பக்கத்தில் வைத்துவிட்டாள். சூளை இரைந்துகொண்டிருந்தது.

"கிண்ணத்தைத் தட்டிப் பாருங்க."

"எதுக்கும்மா?"

"சுடறதுக்கு முன்னாடி எப்பவும் தட்டிப் பாக்கறதுதானே?"

வேறு வழியில்லை. குனிந்து விரலால் தட்டினார். டொக்.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

அவள் தன் டீயை ஒரு வாய் குடித்தாள்.

"சாக்பீஸ் வேணுங்களா?"

பூவராகன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். அவர்தான் அவளிடம் நூறு தடவை அந்தப் பெருமையைப் பேசியவர். ஓடாத சக்கரத்தை ஓடும் என்று அவர் வாய் ஒரு நாளும் சொன்னதில்லை. இன்று சொல்லியிருக்கிறது.

"தாங்காதுன்னு தெரியும். உள்ளே விரிசல் ஓடிடுச்சு."

"தெரிஞ்சுமா கொண்டு வந்தீங்க?"

"கடைசியா ஒரே ஒரு தரம் அவ சத்தத்தைக் கேட்டுட்டேன்னா போதும்மா."

"உடையற சத்தமும் அவங்க சத்தமாத்தான் இருக்குமா?"

அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அது அவதாம்மா. மத்ததெல்லாம் தெரியாம இருக்கலாம், அந்தச் சத்தம் எனக்குத் தப்பாது. நான் கேட்டா பதில் சொல்றா."

"இப்பக் கேளுங்க."

அவர் செங்கல் பக்கம் மண்டியிட்டார். சூளையின் அனல் முகத்தில் அடித்தது.

"அம்புஜம், நீதானே?"

ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை. பிறகு, சூளை இரைச்சலையும் கிழித்துக்கொண்டு, ணிங்.

பூவராகன் துள்ளித் திரும்பினார். "கேட்டீங்களா! கேட்டீங்களா!"

"கேட்டேன்" என்று அஞ்சலாட்சி எழுந்து வந்து அவர் பக்கத்தில் குந்தினாள். கிண்ணத்திடம் மரியாதையாகக் கேட்டாள்.

"அம்மா, நீங்க அம்புஜம் இல்லைதானே?"

ணிங்.

"செத்துப்போனது நீங்க இல்ல, நான்தானே?"

ணிங்.

"இவரும் செத்துட்டாரு, இல்லீங்களா?"

ணிங்.

பூவராகனுக்கு உடம்பு சில்லிட்டது. பக்கத்தில் சூளை எரிந்துகொண்டிருந்தும் சில்லிட்டது. அஞ்சலாட்சி அவரைப் பார்த்தாள். காது ஏமாற்றிவிட்டது என்று அவர் ஒப்புக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். அவர் எழவில்லை.

"அவ எதுக்கும் இல்லேன்னு சொல்ல மாட்டாம்மா" என்றார். "எப்பவும் அப்படித்தான். அதனாலதான் சொல்றேன், அது அவதான்."

இத்தனை நாளில் முதல் தடவையாக அஞ்சலாட்சியின் முகம் மாறியது. அவள் கொஞ்ச நேரம் முக்காலிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரிங்க. அப்ப, ஆமான்னு சொல்லி முடிக்க முடியாத மாதிரி ஏதாவது கேளுங்க."

பூவராகன் யோசித்தார். விளக்கு வச்சுட்டியா? அதற்கு ஆமாம் போதும். பால்காரன் வந்தானா? ஆமாம். துணி காஞ்சுதா, கதவைப் பூட்டினியா, கோதை போன் பண்ணினாளா, சாப்பிடலாமா? எல்லாவற்றுக்கும் ஒரு ஆமாம் போதும். முப்பது வருடத்துக் கேள்விகளைக் கிளறிக் கிளறிப் பார்த்தார். அவள் வாயிலிருந்து இரண்டு வார்த்தை வர வேண்டிய மாதிரி ஒரு கேள்வி அதில் கிடைக்கவில்லை.

"சூளை தயாரா இருக்கு" என்றாள் அஞ்சலாட்சி. இடுக்கியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "கேட்டுட்டு வைங்க. கேக்காமலும் வைக்கலாம். உங்க இஷ்டம்."

அவள் சூளை மூடியைத் தூக்கினாள். உள்ளே ஒரே சிவப்பு. அவர் இடுக்கியால் கிண்ணத்தைப் பிடித்தார். எடை இல்லாமல் இருந்தது. சூளை வாய்க்கு மேலே கொண்டுபோனார். அந்த வெளிச்சம் பட்டதும் பால்வெள்ளையில் ரேகை ரேகையாக எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. எத்தனை விரிசல்! ஒவ்வொன்றும் ஒரு ணிங். அவர் கூடத்தில் உட்கார்ந்து கேட்டுச் சந்தோஷப்பட்ட ஒவ்வொரு பதிலும் ஒரு விரிசல்.

செத்தும் அடுப்படியிலதான் நிக்கணுமாப்பா?

அவர் கிண்ணத்தை மறுபடியும் செங்கல்மேல் கொண்டுவந்து வைத்தார். அஞ்சலாட்சியிடம் கேட்காமலே போய், காஸ் குழாயின் திருகைத் தானே மூடினார்.

இரைச்சல் நின்றது. கொட்டகையில் அப்படி ஒரு அமைதியை அவர் அதுவரை கேட்டதில்லை. கடல் வெகு தூரத்தில் இருந்தது. ஆனால் அதுகூடக் கேட்டது.

அவர் கிண்ணத்துக்கு முன்னால் உட்காரவில்லை. முக்காலிக்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல், ஒரு முகம் இருக்கக்கூடிய உயரத்துக்குத் தலையை நிமிர்த்தினார்.

"அம்புஜம்" என்றார். "உனக்கு என்ன வேணும்?"

சத்தம் இல்லை.

காத்திருந்தார். சூளை ஆற ஆற, பலகையில் இருந்த பழைய கிண்ணங்கள் ஒவ்வொன்றாக ஆரம்பித்தன. ஒன்று ணிங் என்றது. தள்ளி ஒன்று ணிங் என்றது. அதில் எதுவும் அவள் இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. செங்கல்மேல் இருந்த பால்வெள்ளைக் கிண்ணம் மட்டும் மூச்சுவிடவில்லை. கூரை இடுக்கு வழியாக விழுந்திருந்த வெயில் நகர்ந்து, முக்காலி ஏறி, இறங்கிப் போனது. மூன்றாவது டம்ளரில் டீ ஆடை கட்டிவிட்டது. நாய் தலையைத் தூக்கி முக்காலியையே பார்த்துக்கொண்டிருந்தது.

பூவராகனால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னவள்! செத்தது நீ இல்லைதானே என்றால்கூட ணிங் என்றவள்!

"வாத்தியாரம்மா" என்றார். "போயிட்டாளா? இதுக்கு மட்டும் ஏன் பதில் வரல?"

அஞ்சலாட்சி சர்க்கரை டின்னை முக்காலிப் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

"போகலீங்க. யோசிக்கறாங்க. முதல் தடவையா இப்பத்தானே கேட்டிருக்கீங்க, அவசரப்படுத்தாதீங்க."